பந்தயக் களமும் பெருவழியும்

ஒரு கருவி ஒரு தொழிலுக்கே சிறந்து உதவும் என்பது உலகறிந்த உண்மை. வாளைக்கொண்டு காய் நறுக்குவாரும், அரிவாள்மணையைக்கொண்டு போர் புரிவாரும் யாண்டும் இலர். பாரவண்டி இழுக்கும் குதிரையைப் பந்தயத்தில் விடுதலும், பந்தயக் குதிரையைப் பாரவண்டியிற் பூட்டுதலும் அறிவுடையோர் செயல் ஆகா. ஆயினும் மோட்டார் வண்டிகளுள் ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் ஒரு வகை, இவ்விரு தொழிலையும் ஒருங்கே செய்யுமாறு பணிக்கப்படுகின்றது. அதனை வாங்குவோர் பந்தயக் களத்தில் அது புயலெனப் பறத்தல் வேண்டும் என்பர். மறுநாட்காலையில் தாயையோ மனைவியையோ ஏற்றிக்கொண்டு நெடுவழி செல்லுங்கால், இடுப்பு நோகாமலும் காது அடையாமலும் கொண்டு சேர்த்தலும் வேண்டும் என்பர். இவ்விரு வேண்டுகோளும் ஒருங்கே நிறைவேறக் கூடுமோ, கூடாதாயின் எதனை விடுதல் தக்கது என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முற்காலத்தில் இம்முரண் இத்துணைப் பெரிதாகத் தோன்றவில்லை. களத்தில் ஓடிய வண்டிக்கும் வீதியில் ஓடிய வண்டிக்கும் இடையே இருந்த தொலைவு சிறிது. 1952-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் நடைபெற்ற இருபத்துநான்கு மணிநேரப் பந்தயத்தில் ஜெர்மானியரது மெர்ஸிடிஸ் 300 எஸ்.எல். வெற்றி எய்திற்று. அவ்வெற்றியின் வழித்தோன்றலாக 1954-இல் அதே பெயரால் வீதி வண்டி ஒன்று வெளிவந்தது. மெல்லிய குழாய்களைப் பின்னிச் செய்த அதன் உடற்கூடு பக்கங்களில் உயர்ந்திருந்தமையால், கதவுகளைப் பறவையின் சிறகு போல மேல்நோக்கித் திறக்குமாறு அமைத்தனர். காண்பார்க்கு அது பேரழகு. உள்ளே அமர்ந்தார்க்கோ, சாளரக் கண்ணாடியை இறக்க இயலாமையால் வெப்பம் மிகுதி. 1957-இல் அவ்வண்டியின் திறந்த வடிவத்தைச் செய்தபோது, உடற்கூட்டின் பக்கங்களைத் தாழ்த்திச் சாதாரணக் கதவுகளைப் பொருத்தினர். பின்னச்சின் அமைப்பையும் திருத்தினர்.

அதே 1957-இல் ஆங்கில நாட்டு ஜாகுவார் தொழிற்சாலையார், லெ மான் பந்தயங்களை வென்ற தம் டி-டைப் வண்டியை வீதிக்கு ஏற்றதாக்க முயன்றனர். முன்னே ஒரு கண்ணாடி, அருகிலிருப்போர்க்கு ஒரு கதவு, மேலே ஒரு துணிக்கூரை, பெட்டி வைத்துக் கட்ட வாற்புறத்தில் ஒரு சட்டம் ஆகியவற்றைச் சேர்த்து, எக்ஸ்.கே.எஸ்.எஸ். எனப் பெயரிட்டனர். அவ்வாண்டு பிப்ரவரியில் தொழிற்சாலையில் தீப்பற்றியமையால் பதினாறு வண்டிகளே நிறைவுற்றன. பந்தய வீரனுக்கு மாப்பிள்ளைச் சட்டை உடுத்தியது போன்றதே அம்முயற்சி; சட்டை மாறினும் உள்ளிருந்த எலும்பு மாறவில்லை.

இனி, இம்முரணின் வேர் யாதெனக் காண்போம். மோட்டார் வண்டியின் உடல் சக்கரங்களின்மேல் ஸ்பிரிங் என்னும் சுருள்விற்களால் தாங்கப்படுகின்றது. மேடுபள்ளத்தில் ஏறி இறங்குங்கால் அவ்வுடல் மேலும் கீழுமாக அசையும். இனிய ஓட்டமுடைய வண்டிகளில் இவ்வசைவு விநாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை அளவில் நிகழும். அது மாந்தரின் நடையசைவுக்கு அணித்தாதலின் உடல் அதனைப் பொறுத்துக்கொள்ளும். பந்தய வண்டியின் நிலை வேறு. அதன் சிறகுகளும் அடித்தளமும் வீசும் காற்றைக்கொண்டு வண்டியைத் தரையோடு அழுத்துகின்றன. அவ்வழுத்தத்தினாற்றான் அது வளைவுகளில் வழுக்காது விரைகின்றது. வில் நெகிழ்வாயின், விரைவு மிகுந்தவழி வண்டி தாழ்ந்து, தரைக்கும் அடித்தளத்திற்கும் உள்ள இடைவெளி மாறி, அழுத்தமும் நிலையழியும். ஆதலின் அங்கே வில் மிகக் கடினமாதல் வேண்டும். அசைவும் விநாடிக்கு மூன்று முதல் ஐந்து முறை, சிலவற்றில் அதனினும் மிகும். மக்களுடம்போ, மேலும் கீழுமாக விநாடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரை குலுக்கப்படும்போதே மிகவும் துன்புறும் என்று உடலியல் ஆராய்ந்தோர் கண்டுள்ளனர். வண்டிக்கு நன்றாவது உடம்புக்குத் தீதாகின்றது. ஆகவே இம்முரண் தொழிற்சாலையாரின் சோம்பலால் விளைந்ததன்று, இயற்கையே வகுத்தது.

இவ்வளவில், 'அங்ஙனமாயின் கடுமையே திறமைக்கு அறிகுறி. மென்மை திறமைக் குறைவு' என்று முடிவுகட்டுவார் பலர். அவர் கூற்று பொருந்தாது என்பதே எம் கருத்து. என்னை? வண்டி திரும்புவதும் நிற்பதும் டயர் தரையைப் பற்றியிருக்கும் வரையிலுமே. பந்தயக் களத்தின் தரை பெரும்பாலும் சமமானது. அங்கே கடின வில்லும் தரையைப் பற்றும். பெருவழியிலோ ஒட்டுப்போட்ட இடமும், மழை அரித்த விளிம்பும், பாலத்தின் இணைப்பும் அடுத்தடுத்து வரும். அங்கே கடின வில்லுடைய சக்கரம் துள்ளி எழும். எழுந்த சக்கரம் திருப்பவும் உதவாது, நிறுத்தவும் உதவாது. தலைமேல் நீர்க்குடம் தாங்கிக் கரடுமுரடான வரப்பின்மேல் நடந்து வரும் பெண்மகளை நோக்குக. அவள் கழுத்தும் முதுகும் நிமிர்ந்து நிற்கின்றன. முழங்காலும் இடையும் நெகிழ்ந்து கொடுக்கின்றன. அதனாலன்றோ குடத்து நீர் தளும்பவில்லை! முழங்காலையும் விறைத்துக்கொண்டு நடப்பாளாயின் நீரும் சிந்தும், காலும் இடறும். உடல் விறைப்பாக, கால் நெகிழ்வாக இருத்தலே வீதி வண்டிக்கும் உரிய இலக்கணம்.

இவ்விலக்கணத்தை உணர்ந்து செய்த வண்டிகள் சில உள. ஜப்பானியரது ஹோண்டா தொழிற்சாலை 1990-இல் வெளியிட்ட என்.எஸ்.எக்ஸ். அவற்றுள் ஒன்று. அலுமினியத்தாலாகிய அதன் உடற்கூட்டை, வெளியீட்டுக்கு முன்னர்ப் பிரேசில் நாட்டுப் பந்தய வீரர் அயர்டன் சென்னா ஓட்டிப் பார்த்து, இன்னும் உறுதி வேண்டும் என்றார். தொழிற்சாலையார் வில்லை மட்டும் இறுக்கிவிட்டு அமைந்தாரல்லர். கூட்டின் விறைப்பையே மிகுவித்தனர். கூடு உறுதியாயினமையின் கால்கள் தம் தொழிலை ஒழுங்காகச் செய்தன. நாற்புறமும் தெளிவாகக் காணத்தக்க கண்ணாடியும், பெட்டி வைக்கும் இடமும், குளிர்காற்றுக் கருவியும் அதில் இருந்தன. இரண்டாண்டுகட்குப் பின்னர், களத்தையே விழைவார்க்கென என்.எஸ்.எக்ஸ்.-ஆர் என்னும் தனி வண்டியைச் செய்தனர். ஒலி தடுக்கும் பொருள்களையும் பிற வசதிகளையும் களைந்து, ஏறக்குறைய 120 கிலோகிராம் எடையைக் குறைத்தனர். ஒன்றையே இரண்டாக்க முயலாது, இரண்டையும் வெவ்வேறாகச் செய்த அந்நேர்மை போற்றத்தக்கது.

இதனினும் வியத்தகு சான்று 1992-இல் அறிமுகமான மக்லாரன் எஃப்1. அதனை வகுத்த கார்டன் மரே என்பார் பந்தய வண்டிகளை அமைப்பதில் பெரும்புகழ் பெற்றவர். ஆயினும் இதனை வீதிக்கென்றே எண்ணி வகுத்தார். ஓட்டுவோர் நடுவிலும், இருவர் இருமருங்கிலும் சற்றுப் பின்னாகவும் அமர மூன்று இருக்கைகளை வைத்தார். பின்சக்கரங்கட்கு முன்னே இருபுறத்தும் பெட்டிகளுக்கு அறை அமைத்தார். சக்கரங்களைத் தாங்கும் பகுதியை, மேட்டில் மோதுங்கால் முன்பின்னாகச் சிறிது நெகிழவும், வளைவில் பக்கவாட்டில் சிறிதும் அசையாதிருக்கவும் தக்க ரப்பர்த் தாங்கிகளின்மேல் நிறுத்தினார். மோதலின் துன்பம் உள்ளிருப்பாரை அணுகாது. திருப்புதலின் துல்லியமும் கெடாது. அதன் எடையோ 1,140 கிலோகிராம் அளவே. இவ்வாறு வீதிக்கெனப் பிறந்த வண்டி, பந்தயத்திற்கேற்பச் சில மாற்றங்கள் செய்யப்பெற்று 1995-இல் லெ மான் பந்தயத்தை முதலாவதாக வென்றது. வீதியை எண்ணிச் செய்தது களத்திற்கு இழுக்காயிற்றில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இவற்றால் நாம் அறிவது யாது? களத்தின் திறத்தையும் வீதியின் இனிமையையும் ஒருங்கிணைக்கும் பாலம் எடைக்குறைவே ஆகும். எடை மிக்க வண்டியை வளைவில் அடக்கக் கடின வில் வேண்டும். எடை குறைந்ததனை மெல்லிய வில்லே அடக்கும். 2017-இல் பிரெஞ்சு நாட்டு அல்பீன் தொழிற்சாலையார் வெளியிட்ட ஏ110 என்னும் வண்டி ஏறக்குறைய 1,100 கிலோகிராம் எடையே உடையது. ஆதலின் மெல்லிய வில்லோடு விளங்கிற்று. மலைப்பாதைகளில் விரைவும் இனிமையும் ஒருங்கே தந்தது. அத்தொழிற்சாலையாரே 2022-இல் களத்தை நோக்கி ஏ110 ஆர் என்பதனைச் செய்தபோது, எடை குறைக்க விரும்பிப் பின்புறக் கண்ணாடியையும் நீக்கிக் கார்பன் இழைப் பலகையால் மூடினர். ஓட்டுவோர்க்கு உட்புறத்தில் பின்னே நோக்கும் ஆடியும் இல்லாதாயிற்று. களத்தில் முன்னோக்கியே விரைவார்க்கு அது பொருந்தலாம். பின்னே சைக்கிளிற் சிறுவன் ஒருவன் வருவானோ என்று பார்த்தே ஓட்டவேண்டிய வீதிக்கு அது பொருந்துமோ?

'இக்காலத்து விஞ்ஞானம் இவ்விடரையும் தீர்த்துவிட்டதே' என்பார் உளர். அதுவும் ஓரளவு உண்மை. வில்லின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரினுள் நுண்ணிய இரும்புத்துகள் கலந்த எண்ணெயை நிரப்பி, மின்காந்தத்தின் உதவியால் நொடிப்பொழுதினும் குறைந்த காலத்தில் அதனை இறுக்கவும் இளக்கவும் செய்யும் முறை 2002-இல் கடிலாக் வண்டி ஒன்றில் முதன்முதல் வந்தது. பின்னர் ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றிலும் பரவிற்று. இத்தாலிய பெராரி வண்டிகள் சிலவற்றில், பிற அமைப்புகளைப் பந்தய நிலையிலேயே வைத்துக்கொண்டு, மேடுபள்ளமான பாதைக்கென இதனை மட்டும் இளக்கும் பொத்தானும் உண்டு. பந்தய வண்டி செய்வோரே விரைந்து செல்லுதற்கும் மென்மை வேண்டும் என ஒப்புக்கொண்டதற்கு அப்பொத்தானே சாட்சி. ஆயினும் பொத்தான் எல்லாம் வல்லதன்று. அஃது அசைவை அடக்கும் எண்ணெயை மாற்றுமேயன்றி, பெரும்பாலும் வில்லை மாற்றாது, இருக்கையை மாற்றாது, டயரையும் மாற்றாது. களத்திற்கெனச் செய்த டயரில் நீரை வெளியேற்றும் பள்ளங்கள் குறைவு. சூடேறினாலன்றி அது நன்கு பற்றாது. குளிர்ந்த மழைநாளில் ஈர வீதியின்மேல் சாதாரண டயரினும் அது தாழ்ந்ததாகலாம்.

இது நிற்க. களத்திற்கே உரிய வண்டிகளை நாம் வெறுக்கவேண்டுவதில்லை. ஜெர்மானியரது போர்ஷே தொழிற்சாலை 2022-இல் வெளியிட்ட 911 ஜி.டி.3 ஆர்.எஸ். மணிக்கு 285 கிலோமீட்டர் விரைவில் 860 கிலோகிராம் அளவு அழுத்தத்தைக் காற்றினின்று பெறுகின்றது. அதற்காக முன்புறத்தில் பெட்டி வைக்கும் இடத்தைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்கு விட்டுக்கொடுத்துவிட்டனர். அவ்வண்டி தான் யாரென்பதனை மறைக்கவில்லை. அதே தொழிற்சாலை 2017 முதல், ஜி.டி.3-இன் எஞ்சினை வைத்துக்கொண்டு, பெரிய பின்சிறகை நீக்கி, டூரிங் என்னும் பெயரால் வீதியை விரும்புவார்க்கு வேறொரு வடிவத்தையும் தந்தது. இங்ஙனம் பிரித்தளித்தல் நன்று. இரங்கத்தக்கது யாதெனில், ஒருநாளேனும் களத்தைக் காணாதவரும் கடுமையானதனையே தேடிச் சென்று, அதனை நாள்தோறும் வீதியில் ஓட்டித் துன்புறுதலே.

இத்தேட்டத்திற்குக் காரணம் புகழ் விழைவு. ஜெர்மனியில் 1927-இல் திறக்கப்பெற்ற நூர்பர்க்ரிங் என்னும் நெடுங்களம் ஏறக்குறைய 20.8 கிலோமீட்டர் சுற்றுடையது. அதனை எத்துணை நிமிடத்தில் வலம்வந்தது என்பதே இன்று வண்டிகளின் பெருமைக்கு அளவுகோலாயிற்று. மெர்ஸிடிஸ் ஏ.எம்.ஜி. ஒன் என்னும் வண்டி 2022-இல் அதனை 6 நிமிடம் 35.183 விநாடியில் கடந்தது. 2024-இல் 6 நிமிடம் 29.090 விநாடியாகக் குறைத்தது. வியக்கத்தக்க செயலே. ஆயின் அந்த ஆறு விநாடி, மருந்து வாங்கச் செல்வார்க்கும் மகளைப் பள்ளியினின்று அழைத்து வருவார்க்கும் எவ்வாறு பயன்படும்? அளவுகோல் தவறாயின் அளந்த பொருளும் தவறாகும்.

இதனினும் பெரிய கேடு ஒன்று உளது. களத்திற்கென வகுத்த வண்டி, பிற வண்டிகள் விரையும் அளவில் உறங்குவது போன்று தோன்றும். அதன் இன்பம் விழித்தெழுதற்கு மிகப்பெரும் விரைவு வேண்டும். வீதிச் சட்டம் விதிக்கும் எல்லை அதன் இரண்டு மூன்று கியர்களுக்குள்ளேயே கடந்துபோகும். அவ்வின்பத்தை நாடுவோன் ஒருவன் அதனை வேலியில்லாத பெருவழியில் தேடுவானாயின், விலை கொடுப்பவன் அவன் மட்டும் அல்லன். எதிர்வரும் ஏதுமறியாதவனும் ஆவான். களத்தில் எதிர்வருவார் இலர். காவலரும் மருத்துவரும் அணித்தே உளர். வீதியில் இவை இல. ஆகவே, சட்டம் இசையும் விரைவிலேயே கைக்கும் கண்ணுக்கும் இன்பந்தரும் வண்டியே வீதிக்கு உயர்ந்த வண்டி என்போம். அவ்வின்பத்தைத் தருவன குதிரைத் திறனும் கடின வில்லும் அல்ல. குறைந்த எடையும், உறுதியான கூடும், நெகிழ்ந்து கொடுக்கும் காலும், தெளிவான பார்வையுமே.

'கடுமையே எமக்கு இன்பம். அதனைத் தடுக்க நீவிர் யார்?' என்று சிலர் வினவலாம். அவர் விருப்பத்தை நாம் மறுக்கவில்லை. களத்தை நாடுவோர் களத்திற்குரிய வண்டியைக் களத்திற்கே கொண்டு சென்று ஓட்டி மகிழ்க. ஒரே வண்டியால் இரண்டையும் பெற விரும்புவோர் வீதியை முதலில் எண்ணுக. ஆண்டின் நாட்களுள் எத்துணை நாள் எங்கே ஓட்டுவோம் என்று கணக்கிட்டு, அதற்கேற்பத் தெரிந்துகொள்க. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் வைப்பார் ஆற்றையும் கடவார், கரையையும் அடையார். தனக்குரிய இடம் எதுவென அறிந்து அதற்கென அமைந்த வண்டி, அவ்விடத்தில் ஒப்பற்று விளங்கும். மென்மை வலிமையின் குறையன்று. நன்கமைந்த வலிமையே மென்மையாக நடக்கவும் வல்லது.