கால அட்டவணையில் ஓர் ஆண்டு

ஜூன் பிறந்து பள்ளிகள் திறந்துவிட்டன. பிள்ளைகள் கைக்குப் புத்தகமும் சீருடையும் வந்து சேரும் இந்த நாட்களில், தலைமையாசிரியரின் மேசையில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும். கால அட்டவணை போடும் வேலை. யாருக்கு எந்த வகுப்பு, வாரத்துக்கு எத்தனை பாடவேளை, கணக்கு காலையிலா சாப்பாட்டுக்குப் பிறகா என்று கட்டம் கட்டமாக எழுதும் அந்தத் தாளில் ஓர் ஆசிரியரின் ஆண்டே அடங்கிவிடுகிறது.

புதிதாகச் சேர்ந்தவர்தானே என்று, மற்றவர்கள் வேண்டாமென ஒதுக்கிய வகுப்புகளையெல்லாம் ஒருவர் தலையில் கட்டினால், அரையாண்டுத் தேர்வுக்குள் அவர் சோர்ந்துபோவார். விடுப்பில் போனவரின் வகுப்பு எப்போதும் எதிர்த்துப் பேசாத ஒருவர் மீதே விழுந்தால், மறுநாள் பாடத்துக்குத் தயாராக அவருக்கு நேரம் ஏது? கடைசியில் சரியாக நடத்தத் தெரியாதவர் என்ற பெயர் அவருக்குத்தான் வரும். குறையின் வேர் அட்டவணையில் இருப்பது யார் கண்ணிலும் படாது.

கல்வி உரிமைச் சட்டம் 2009, ஆசிரியருக்கு வாரம் 45 மணி நேர வேலையைக் குறிப்பிடுகிறது. பாடத்துக்குத் தயாராகும் நேரமும் அதில் சேர்ந்ததே. அந்த நேரத்தைக் காப்பாற்றித் தருவதுதான் நல்ல நிர்வாகத்தின் முதல் அடையாளம் என்பேன். எமிஸ் இணையதளப் பதிவு, புள்ளிவிவரம், நலத்திட்டப் பட்டியல் என்று மேலிருந்து கேட்பது நிற்கப்போவதில்லை. வந்ததை அப்படியே ஆசிரியர்கள் பக்கம் தள்ளிவிடுகிறவர் உண்டு. முறைவைத்துப் பிரித்துக் கொடுத்து, பாடவேளையில் கைவைக்காமல் முடித்துவிடுகிறவரும் உண்டு. இரண்டாமவரின் பள்ளியில்தான் பாடம் ஓடும்.

வகுப்பைப் பார்வையிடுவதும் அப்படித்தான். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பாடம் முழுவதையும் கேட்டுவிட்டு, பிறகு தனியே அழைத்து, "பின்னக் கணக்கை நல்லா சொன்னீங்க சார், பின்வரிசைப் பிள்ளைகளையும் போர்டுக்குக் கூப்பிடுங்க" என்று சொல்கிறவரிடம், ஆசிரியர் தன் தடுமாற்றத்தையும் மறைக்காமல் சொல்வார். பிள்ளைகள் எதிரிலேயே கடிந்துகொண்டு மெமோ கொடுக்கிறவரிடம், பாடக்குறிப்பேடு மட்டும் அழகாக வந்து சேரும்.

தலைமையாசிரியர் படும் பாட்டையும் சொல்லியாக வேண்டும். அதே சட்டத்தின்படி, தொடக்க வகுப்புகளில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஆசிரியர்கள் போகத் தனியாக ஒரு தலைமையாசிரியர். சிறிய பள்ளிகளில் அவரே வகுப்பெடுத்து, அவரே பதிவேடு எழுதி, காலை உணவையும் மதிய உணவையும் பார்த்துக்கொள்கிறார். நேற்றுவரை நல்லாசிரியராக இருந்தவர், பணிமூப்பில் ஒருநாள் அந்த நாற்காலிக்கு வருகிறார். பாடம் நடத்தக் கற்றவருக்கு, மனிதர்களை நடத்த யார் கற்றுக்கொடுத்தார்கள்? பதவி உயர்வு ஆணையோடு அந்தப் பயிற்சியையும், எழுத்து வேலைக்கு ஓர் உதவியாளரையும் தரவேண்டியது அரசின் கடமை.

பெற்றோர்களே, பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு இடம் உங்களுக்குத்தான். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவர் பேசி முடித்ததும், "எங்க டீச்சருக்குப் பாடம் தயார் பண்ண நேரம் கிடைக்குதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். தலைமையாசிரியர்களே, அட்டவணையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு முன், உங்கள் ஆசிரியர்களோடு ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.