பல்லிக்கும் பசி உண்டு



இம்மாதம் வந்த கடிதங்களுள் ஒன்று நம்மைச் சிரிக்கவும் வைத்தது, சிந்திக்கவும் வைத்தது. கண்டிப் பக்கத்துத் தாய் ஒருவர் மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உதவியாக லண்டன் சென்றிருக்கிறார். அங்கே பேரன் கண்ணாடிப் பெட்டியில் ஒரு பல்லி வளர்க்கிறானாம். அவன் பாடசாலைச் சுற்றுலா போன ஐந்து நாட்களும் அதற்குத் தீனி வைக்கும் பொறுப்பு உம்மும்மாவின் தலையில் விழுந்தது. தீனி என்னவென்றால், ஒரு பிளாஸ்டிக் பெட்டி நிறையக் குதித்துத் திரியும் உயிருள்ள சில்வண்டுகள். அவற்றைத் தொட அவருக்கு மனம் வரவில்லை. சோறு வைத்திருக்கிறார், அவித்த முட்டையும் வைத்திருக்கிறார். பல்லி திரும்பியும் பார்க்கவில்லை. உயிருள்ள பூச்சி இல்லாமல் இதை வளர்க்க வழியே இல்லையா என்பதுதான் அவருடைய கேள்வி.

நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு யாரும் சோறு வைப்பதில்லை. விளக்கடியில் வரும் பூச்சியைப் பிடித்து அது தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிறது. பெட்டிக்குள் அடைபட்ட பல்லிக்கு அந்த வழி இல்லை. நாம் வைத்தால்தான் உண்டு. பூனையொன்றைக் கட்டிப்போட்டு, உணவும் கொடுக்காமல், பூமியிலுள்ள சிறு பிராணிகளைத் தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் அறிவோம். பல்லியினத்தை வீட்டில் வளர்க்கலாமா என்பதை, வாங்குவதற்கு முன்பே உலமாக்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது. ஆனால் ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து அடைபட்டுவிட்ட உயிரைப் பட்டினி போட யாருக்கும் உரிமை இல்லை.

முதலில் எந்தப் பல்லி என்று பாருங்கள்

வெளிநாடுகளில் பிள்ளைகள் அதிகமாக வளர்ப்பவை இரண்டு இனங்கள். இரண்டின் உணவும் வேறு வேறு.

ஒன்று லெப்பர்ட் கெக்கோ. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய இடங்களின் வறண்ட நிலத்துக்குரியது. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், தடித்த வால். இமை உண்டு, கண்ணை மூடித் தூங்கும். கண்ணாடியில் ஏறாது, தரையில்தான் நடக்கும். இது பூச்சி மட்டுமே தின்னும் பிராணி.

மற்றது கிரெஸ்டட் கெக்கோ. பசுபிக் சமுத்திரத்திலுள்ள நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்தது. அழிந்துபோனதாக நெடுங்காலம் எண்ணப்பட்டு, 1994இல் மீண்டும் கண்டுபிடிக்கப்பட்டது. கண்ணுக்கு மேலே இமைமயிர் போன்ற முட்கள் வரிசையாக நிற்கும். கண்ணாடியில் தாராளமாக ஏறும். காட்டில் இது கனிந்த பழம், பூந்தேன், பூச்சி எல்லாம் தின்னும்.

பேரனுடைய பல்லி கண்ணை மூடித் தூங்குகிறது, வால் தடிப்பாக இருக்கிறது என்று அந்தத் தாய் எழுதியிருப்பதால் அது லெப்பர்ட் கெக்கோ என்றே தெரிகிறது. அவருக்கான பதில் இதுதான். உயிருள்ள பூச்சி இல்லாமல் சமாளிக்கலாம். பூச்சியே இல்லாமல் முடியாது. சோறு, பாண், மரக்கறி, பழம், சமைத்த இறைச்சி எதுவும் அதற்கு உணவாகாது.

உயிரற்ற பூச்சியைக் கொடுக்கும் முறை

செல்லப்பிராணிக் கடைகளில் உறையவைத்த பூச்சி, டின்னில் அடைத்த பூச்சி, உலர்த்திய புழு என மூன்று வகையும் கிடைக்கின்றன. உறைந்ததை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து நன்றாக இளகவிட வேண்டும். உள்ளே பனிக்கட்டி இருக்கக்கூடாது. உலர்ந்ததில் நீர்ச்சத்து இல்லை. ஆகவே அதை ஊறவைத்துக் கொடுப்பதே நல்லது. எதுவானாலும் பூச்சியின் பருமன், பல்லியின் இரண்டு கண்களுக்கும் இடைப்பட்ட தூரத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. அசைவதைத்தான் இந்தப் பல்லி இரை என்று அறியும். செத்த பூச்சியைத் தட்டில் போட்டுவிட்டுப் போனால், அதைக் கல் என்றே நினைத்துக்கொள்ளும். ஆகவே நீளமான இடுக்கியால் பூச்சியைப் பிடித்து, மாலை மங்கி அது விழித்து வரும் நேரத்தில், முகத்துக்கு முன்னால் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். பூச்சி நடந்துபோவதுபோல் இருக்க வேண்டும். கை படவே தேவையில்லை. முதல் நாள் எடுக்காவிட்டால் வாயைத் திறந்து திணிக்காதீர்கள். அடுத்த நாள் மீண்டும் காட்டுங்கள். இடுக்கியில் வாங்கித் தின்னப் பழகிய பல்லிகள் பல உண்டு, பழகாதவையும் உண்டு.

வளர்ந்த பல்லிக்குக் கிழமைக்கு இரண்டு மூன்று தடவை தீனி போதும். குட்டிக்கு நாள்தோறும் வேண்டும். வளர்ந்தது தன் வாலில் கொழுப்பைச் சேமித்து வைத்திருப்பதால் சில நாள் பசியைத் தாங்கும். ஆனால் வால் மெலியத் தொடங்கினால் பிடிவாதம் பிடிக்க வேண்டாம். உயிருள்ள பூச்சிக்கே திரும்புங்கள், அல்லது மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். நமது அருவருப்புக்காக அது மெலியக்கூடாது.

பெட்டியின் சூட்டையும் கவனியுங்கள். ஒரு பக்கம் 31, 32 பாகை செல்சியஸ் அளவில் இல்லாவிட்டால் தின்றது சீரணிக்காது, பசியும் எடுக்காது. மின்கட்டணத்தை மிச்சப்படுத்த அந்த விளக்கை அணைத்துவிட்டு, பல்லி தின்னவில்லையே என்று கவலைப்படுவதில் பயனில்லை.

தோட்டத்தில் பிடித்த பூச்சியைக் கொடுக்காதீர்கள். மருந்து தெளித்த இடத்துப் பூச்சியோடு நஞ்சும் வயிற்றுக்குள் போகும். மின்மினிகளில் சில வகைகள் ஒன்றே ஒன்றானாலும் பல்லியைக் கொன்றுவிடும்.

கிரெஸ்டட் கெக்கோ என்றால் வேலை சுலபம்

இதற்கென்றே முழுமையான உணவுத் தூள் விற்கிறார்கள். ஒரு பங்கு தூளுக்கு இரண்டு பங்கு தண்ணீர் விட்டு, தக்காளி சோஸ் பதத்தில் கலக்கி, சிறு மூடியொன்றில் ஊற்றி மாலையில் வைத்தால் இரவில் நக்கித் தின்னும். மறுநாள் மிச்சத்தைக் கொட்டிக் கழுவிவிடுங்கள். பூச்சியே இல்லாமல் இந்தத் தூளிலேயே இது வாழும். ஆனால் வெறும் வாழைப்பழமும் பிள்ளைகளின் பழக்கூழும் இந்தத் தூளுக்கு ஈடாகாது. அவற்றில் கல்சியம் போதாது.

கல்சியத்தை மறவாதீர்கள்

பெரும்பாலான பூச்சிகளில் பொஸ்பரஸ் கூட, கல்சியம் குறைவு. அதனால் லெப்பர்ட் கெக்கோவுக்குக் கொடுக்கும் பூச்சியை, உயிருள்ளதோ உயிரற்றதோ, கல்சியத் தூளில் புரட்டியே கொடுக்க வேண்டும். விற்றமின் டி3 கலந்த தூளும் இடையிடையே தேவை. எவ்வளவு என்பதைத் தூள் டப்பாவில் பார்த்து, மிருக வைத்தியரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். இது தவறினால் எலும்பு மெதுமையாகி, தாடை தொய்ந்து, கால்கள் வளைந்து, உடல் நடுங்கும். வளைந்த எலும்பு பிறகு நேராவது அரிது. குடிக்கத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

பச்சைக் குழந்தை இருக்கும் வீடு

பிள்ளை பிறந்த வீடு என்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். பார்வைக்குச் சுகமாக இருக்கும் பல்லியின் எச்சத்திலும் சல்மொனெல்லாக் கிருமி இருக்கலாம். பல்லியையோ அதன் பாத்திரத்தையோ தொட்டால் உடனே சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவுங்கள். அதன் தட்டைக் குசினித் தொட்டியில் கழுவக்கூடாது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைத் தொடவிட வேண்டாம். பிள்ளைப் பாலுக்கான போத்தல் இருக்கும் பக்கமே அந்தப் பெட்டி இருக்கலாகாது.

வாங்குமுன் கேளுங்கள்

நம் நாட்டில் பல்லியினங்கள் பல சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. வெளிநாட்டுப் பல்லியையும் அனுமதியின்றிக் கொண்டுவர முடியாது. ஆகவே பேரன் ஆசைப்படுகிறான் என்று இங்கே யாரும் பல்லி தேடிப் புறப்பட வேண்டாம். வெளிநாட்டிலுள்ள மகளுக்கும் மருமகளுக்கும் எழுதும்போது ஒன்றைச் சொல்லுங்கள். லெப்பர்ட் கெக்கோ 15, 20 வருடம்கூட வாழும். இன்று ஆசைப்படும் பத்து வயதுப் பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் அது அந்தப் பெட்டிக்குள் பசியோடு காத்திருக்கும். அப்போது இடுக்கியைப் பிடிக்கப் போவது பெரும்பாலும் தாயின் கைதான். அந்தக் கை அதற்குத் தயாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளட்டும். விலையை அதற்குப் பிறகு விசாரிக்கலாம்.