பயோடேட்டாவில் இல்லாத இரண்டு வருடம்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலை தேடுகிற பிள்ளை வீட்டில் இருந்தால் படித்துக் காட்டுங்கள்.

கடந்த சில வருடங்களில் என் பழைய மாணவர்கள் நான்கு பேரும், தூரத்துச் சொந்தத்தில் ஒரு மருமகளும் ஒரே விஷயத்துக்காக எனக்கு போன் செய்திருக்கிறார்கள். "சார், ஆஃபர் லெட்டர் வந்திருச்சு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். வாழ்த்துச் சொன்னால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அப்புறம் மெதுவாக வரும். "பேக்கிரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு லிங்க் அனுப்பியிருக்காங்க சார். ரெஸ்யூம்ல ஒண்ணு எழுதிட்டேன். இப்ப என்ன பண்றது?"

அந்த "ஒண்ணு" ஆளுக்கு ஆள் மாறும். ஒருவன் எட்டு மாதம் வேலை பார்த்த இடத்தில் ஒன்றேகால் வருடம் என்று எழுதியிருந்தான். மருமகள் ட்ரெய்னியாக இருந்துவிட்டு சீனியர் என்று போட்டிருந்தாள். ஒருவனுக்கு இரண்டு அரியர் பாக்கி இருக்கும்போதே பி.இ. முடித்தாயிற்று. மற்ற இரண்டு பேரும் கன்சல்டன்சிக்குப் பணம் கட்டி, வாசலைக்கூட மிதிக்காத கம்பெனியின் பெயரில் அனுபவச் சான்று வாங்கியவர்கள்.

ஐந்து பேருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். லிங்க்கைத் திறந்து அதே பொய்யை இன்னொரு தடவை எழுதாதே. அவர்கள் கண்டுபிடிப்பதற்கு முன்னால் நீயே ஹெச்ஆருக்கு மெயில் போடு. எது உண்மை, எது இல்லை என்று எழுதி, திருத்திய ரெஸ்யூமையும் சேர்த்து அனுப்பு. வேலை போனாலும் போகட்டும்.

இந்தக் கடைசி வாக்கியத்துக்காக நான் நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "ரிட்டயர்டு வாத்தியாருக்கு என்ன, மாசம் பிறந்தா பென்ஷன் வருது, ஊருக்கு உபதேசம் பண்ணலாம்" என்று ஒரு கல்யாண வீட்டில் என் காதுபடவே பேசினார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் இந்தச் சரிபார்ப்பு எப்படி நடக்கிறது என்று பாருங்கள். யாரோ துப்பறிவாளர் வந்து தெருவில் விசாரிப்பதாகப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காகிதத்தைக் காகிதத்தோடு ஒப்பிடுகிற வேலைதான். 2014 முதல் பிஎஃப் பிடிக்கப்படும் ஊழியருக்கு யுஏஎன் என்று ஒரே எண். எத்தனை கம்பெனி மாறினாலும் அந்த எண் மாறாது. எந்த நிறுவனத்தில் எந்தத் தேதியில் சேர்ந்தார், எந்தத் தேதியில் விலகினார் என்று அதில் வரிசையாக இருக்கும். 20 பேருக்குக் கீழே உள்ள சின்னக் கம்பெனிகளுக்கு பிஎஃப் கட்டாயமில்லை என்பது உண்மை. அங்கே பார்த்தேன் என்று சொன்னால் சம்பளம் வந்த வங்கிக் கணக்கைக் கேட்பார்கள். வரி பிடித்திருந்தால் வருமான வரித் துறையின் 26ஏஎஸ் படிவத்தில் பிடித்தவர் பெயர் நிற்கும். பட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் கேட்பார்கள். பழைய கம்பெனிக்கு மெயில் போகும். கடைசியில் ஒரு அறிக்கை. எல்லாம் பொருந்தினால் பச்சை, சந்தேகம் என்றால் மஞ்சள், பொய் என்றால் சிவப்பு.

எங்களுக்கு இது புதிதில்லை. தேர்வுநிலைக்குக் கருத்துரு அனுப்ப வேண்டுமானால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் எல்லாவற்றுக்கும் உண்மைத்தன்மைச் சான்று வேண்டும். பத்து வருடம் வேலை பார்த்த பிறகும் தேர்வுத் துறையிலிருந்து பதில் வர வேண்டும். அந்தத் தபாலுக்காக அலுவலகத்துக்கு நடந்த நடை எனக்குத் தெரியும். ஒருவரும் எங்களை அவமானப்படுத்தவில்லை. காகிதம் கேட்டார்கள், கொடுத்தோம், அவ்வளவுதான்.

இனி அந்த இரண்டு பேர். இருவரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயர், ஊர் சொல்ல மாட்டேன், கமெண்ட்டில் யாரும் ஊகிக்க வேண்டாம்.

முதலாமவன் படிப்பு முடித்த வருடமே அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது. வாரம் இரண்டு டயாலிசிஸ். அக்காவுக்குக் கல்யாணமாகிவிட்டது, அம்மாவுக்கு பஸ் ஏறி இறங்கவே பயம். இவன்தான் அழைத்துக்கொண்டு போனான், பக்கத்தில் உட்கார்ந்திருந்தான், கூட்டி வந்தான். இரண்டு வருடம். அப்பா தவறிய பிறகு சென்னைக்குப் போனான். போன இடத்தில் எல்லாம் "ரெண்டு வருஷம் என்ன பண்ணுனீங்க?" சொன்னால் தலையாட்டுவார்கள், அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட மாட்டார்கள். மேன்ஷனில் கூடத் தங்கியிருந்தவன் ஒரு கன்சல்டன்சியைக் காட்டினான். நாற்பதாயிரம் ரூபாய். அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. லெட்டர்ஹெட், சம்பள ரசீது, ரிலீவிங் லெட்டர், போன் அடித்தால் எடுத்து "ஆமாம், இங்கேதான் வேலை பார்த்தார்" என்று சொல்ல ஒரு ஆள் என்று எல்லாம் கிடைத்தது.

இதைக் கேட்டபோது எனக்குப் பொய்யின் மேல் வந்ததைவிட வேறொரு கோபம்தான் அதிகம் வந்தது. அவன் வாழ்க்கையிலேயே தலைநிமிர்ந்து சொல்லக்கூடிய இரண்டு வருடம் அது. அதை அழித்துவிட்டு, இல்லாத ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்ததாக நாற்பதாயிரம் கொடுத்து எழுதி வாங்கியிருக்கிறான். "ஏன்டா, அப்பாவைப் பார்த்துக்கிட்டது உனக்கு வெட்கமா?" என்று கேட்டேன். "எனக்கு வெட்கம் இல்ல சார், அவங்களுக்குத்தான் அது வேலையாத் தெரியல" என்றான். பதில் சொல்ல முடியவில்லை.

நிறுவனங்களைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடைவெளி என்றாலே குற்றம் மாதிரி பார்க்கிற வழக்கம்தான் இந்தக் கன்சல்டன்சிக்காரர்களுக்குச் சோறு போடுகிறது. பிரசவத்துக்காக நின்ற பெண், பெற்றவரைப் பார்க்க நின்ற பையன், அரசுத் தேர்வுக்குப் படித்துக் கிடைக்காமல் போனவர்கள், எல்லாரையும் ஒரே சல்லடையில் சலித்துத் தள்ளிவிட்டு, பிறகு "ஏன் பொய் சொன்னாய்" என்று கேட்கிறார்கள். என் மாணவர்களிலேயே சிலர் இன்று ஆள் எடுக்கிற நாற்காலியில் இருக்கிறீர்கள். இடைவெளியைப் பார்த்தால் காரணத்தைக் கேளுங்கள், கேட்டதைக் காதில் வாங்குங்கள்.

ஆனால் அவர்கள் செய்வது தப்பு என்பதால் போலிச் சான்று சரியாகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில், ஏமாற்றும் நோக்கத்தோடு போலி ஆவணம் உண்டாக்குவதற்கு ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. போலி என்று தெரிந்தே அதை அசல் மாதிரி நீட்டுகிறவருக்கும் போலி செய்தவருக்கு உண்டான தண்டனைதான். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படித்தான் இருந்தது. தயாரித்துக் கொடுத்தவன் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவான். கையெழுத்துப் போட்டு அப்லோடு செய்தவன் பெயர் மட்டும் சர்வரில் இருக்கும்.

அவனும் நானும் உட்கார்ந்து கடிதம் எழுதினோம். ஆறே வரி. இன்ன கம்பெனியில் வேலை பார்த்ததாக எழுதியது உண்மையல்ல, அந்தச் சான்றுகளை நான் சமர்ப்பிக்கப் போவதில்லை. அந்த இரண்டு வருடம் தந்தையின் சிகிச்சையில் இருந்தேன், மருத்துவமனைப் பதிவுகள் உள்ளன. நேர்முகத் தேர்வில் நான் காட்டிய திறமை என்னுடையதே, வேண்டுமானால் மறுபடி சோதியுங்கள். புதியவருக்கான சம்பளத்துக்கும் சம்மதம். ‘தவறுதலாக’, ‘டைப்பிங் பிழை’ என்று அவன் இரண்டு இடத்தில் எழுதியிருந்தான், அடித்துவிட்டேன். பொய்க்கு மன்னிப்புக் கேட்கிற கடிதத்தில் இன்னொரு பொய் எதற்கு?

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. ஆஃபரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அவன் சித்தப்பா எனக்கு போன் செய்து சத்தம் போட்டார். "நீங்க சும்மா இருந்திருந்தா பையன் இந்நேரம் ஏசி ரூம்ல உக்காந்திருப்பான்." இருந்திருக்கலாம். இரண்டாவது பையன் அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறான். நான் சொன்னதைக் கேட்கவில்லை, போலிச் சான்றை ஏற்றினான், பச்சை வந்தது, மூன்றாவது வருடம் ஓடுகிறது. பொய் சொன்னால் எப்போதும் மாட்டிக்கொள்வார்கள் என்று வகுப்பில் சொல்வதுபோல உங்களிடம் சொல்லி ஏமாற்ற மாட்டேன். மாட்டாமலும் இருக்கிறார்கள். ஆனால் போன தீபாவளிக்கு வந்தபோது அவனே சொன்னது இது. வேறு கம்பெனியில் இதைவிட நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. போனால் மறுபடி முதலிலிருந்து சரிபார்ப்பார்கள். இங்கேயே வேறு கிளையண்ட்டுக்கு மாற்றினால்கூடச் சில இடங்களில் புதிதாகப் பார்க்கிறார்களாம். 2022 நவம்பரில் ஆக்சென்சர் நிறுவனம், இல்லாத கம்பெனிகளின் பெயரில் சான்று கொடுத்து இந்தியாவில் சேர்ந்திருந்தவர்களை வெளியே அனுப்பியதாக அறிவித்தது. அவர்களும் ஒரு கட்டத்தைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தவர்கள்தான். அன்றைக்கு இவன் ராத்திரி முழுக்கத் தூங்கவில்லையாம். அந்த இரண்டு வருடத்தை இனி எழுதுகிற ஒவ்வொரு ரெஸ்யூமிலும் அவன் எழுதியாக வேண்டும்.

நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்பதையும் படித்துப் பார்த்தேன். அரசு வேலை சம்பந்தப்பட்டவைதான், ஆனாலும் நமக்குப் பாடம். கேந்திரிய வித்யாலயாவில் ஓர் உடற்கல்வி ஆசிரியர், தன் மேல் வழக்கு இருப்பதைப் படிவத்தில் மறைத்து ‘இல்லை’ என்று எழுதினார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது, நான் இந்தி வழியில் படித்தவன், புரியவில்லை என்றார். வழக்கையே பிறகு அரசு திரும்பப் பெற்றுவிட்டது. ஆனாலும் 2003இல் உச்ச நீதிமன்றம் அவருடைய பணிநீக்கத்தைச் சரி என்றது. மறைத்ததுதான் அங்கே கேள்வி.

2016இல் அவதார் சிங் வழக்கில் மூன்று நீதிபதிகள் இதைக் கொஞ்சம் விரித்துச் சொன்னார்கள். தகவல் உண்மையாக இருக்க வேண்டும். சிறு வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப விஷயத்தை மறைத்திருந்தால் மன்னிக்க நிர்வாகத்துக்கு இடம் உண்டு. அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. முடிந்துபோன வழக்கை ஒருவர் உள்ளபடி சொல்லியிருந்தாலும், அவருடைய பின்னணியைப் பார்க்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு, வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. உண்மைக்கு வேலை உத்தரவாதம் கிடையாது. எனக்கு அது தெரிந்துதான் அந்தப் பையனை எழுதச் சொன்னேன்.

மற்ற மூவரின் கதை சீக்கிரம் முடிந்துவிடும். மாதத்தைக் கூட்டியவனுடைய திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள், சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தது. மருமகளிடம் ஹெச்ஆர் சிரித்துவிட்டு, பதவிப் பெயரை மாற்றிக்கொண்டாராம். அரியர்காரனைப் பட்டம் வாங்கிக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். படித்துக்கொண்டிருக்கிறான்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பொய்யே எழுதாமல் பயப்படுகிறவர்கள். சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் பின்னால், பான் கார்டில் வேறு எழுத்துக்கூட்டல். வடக்கே உள்ளவர்களுக்கு நம் இனிஷியல் ஒரு பெரிய புதிர். பிறந்த தேதி இன்னொரு கூத்து. ஒரு காலத்தில் பிள்ளை கையைத் தலைக்கு மேலே வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது. பள்ளிக்கூடத்தில் வைத்த தேதிதான் பல பேருக்கு இன்றுவரை பிறந்தநாள். இதெல்லாம் பொய் அல்ல, பொருந்தாமை. லிங்க்கிலேயே ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். தேவைப்பட்டால் இரண்டு பெயரும் ஒருவரே என்று அஃபிடவிட் கொடுங்கள். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்கு மெசேஜ் போட வேண்டாம்.

சொந்தபந்தங்களுக்கு ஒன்று. "எல்லாரும்தான் பண்றாங்க" என்று பிள்ளையிடம் சொல்லும் முன், அந்தக் கன்சல்டன்சிக்குப் பணம் எங்கிருந்து போகிறது என்று பாருங்கள். வளையலை அடகு வைத்துக் கொடுப்பது நாம்தான். பையன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தால் "இன்னும் ஒண்ணும் ஆகலையா?" என்று விசேஷ வீட்டில் நான்கு பேர் முன்னால் கேட்பதும் நாம்தான்.

டயாலிசிஸ் பையன் ஏழு மாதம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தான். சம்பளம் முன்பு வந்த ஆஃபரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. ரெஸ்யூமில் அந்த இரண்டு வருடத்துக்கு நேராகத் தந்தையின் சிகிச்சை என்று இருக்கிறது. வளையலை இன்னும் மீட்கவில்லை. சித்தப்பா இன்னும் என்னோடு பேசுவதில்லை.

லிங்க் வரும்வரை காத்திருக்காமல், இப்போதே உங்கள் பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து தேதிகளை ரெஸ்யூமோடு வைத்துப் பாருங்கள். இருக்கிற வேலைக்கு ராஜினாமா எழுதும் முன் பாருங்கள். எழுதிவிட்டால் இரண்டு பக்கமும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். கடிதம் எழுதத் திணறினால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். சாயங்காலம் ஆறிலிருந்து எட்டுக்குள் போன் செய்யலாம்.