மின்சாரம் நின்றாலும் உலை குளிர வேண்டும்

உத்தரப் பிரதேச மாநிலம் நரோரா அணுமின் நிலையத்தில் 1993 மார்ச் 31 அதிகாலையில் டர்பைன் இறக்கைகள் முறிந்து தீ மூண்டது. மின்கம்பிகள் கருகியதால் முதல் அலகு சுமார் 17 மணி நேரம் மின்சாரமின்றி இருந்தது. டீசலில் இயங்கும் தீயணைப்பு பம்புகள் மூலம் நீராவிக் கலன்களுக்குத் தண்ணீர் செலுத்தி ஊழியர்கள் பேராபத்தைத் தவிர்த்தனர். கதிரியக்கக் கசிவு ஏற்படவில்லை.

அணுஉலையை நிறுத்தினாலும் அதன் வெப்பம் உடனே அடங்கிவிடாது. நிறுத்திய கணத்தில் முழுத் திறனில் 6 முதல் 7 சதவீத வெப்பம் எஞ்சியிருக்கும். 2011-இல் ஜப்பானின் ஃபுகுஷிமாவில் சுனாமி டீசல் ஜெனரேட்டர்களை முடக்கியபோது, இந்த வெப்பத்தை அகற்ற முடியாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது.

மின்சாரமோ பம்போ தேவைப்படாத குளிரூட்டும் முறை இதற்குத் தக்க விடை. குஜராத்தின் காக்ரபாரில் உள்ள 700 மெகாவாட் உலைகளில், உயரத்தில் அமைந்த தொட்டி நீரால் நீராவி குளிர்ந்து, புவியீர்ப்பு விசையால் தண்ணீராகக் கீழிறங்குகிறது. கூடங்குளத்தில் இப்பணியை வெளிக்காற்றே செய்கிறது. இவை வரவேற்கத்தக்க முன்னேற்றங்கள்.

ஆனால், தொட்டி நீருக்கு ஓர் அளவுண்டு. வால்வு உரிய நேரத்தில் திறந்தாக வேண்டும். காற்றுப் பாதையில் அடைப்பு கூடாது. தானே இயங்கும் சாதனத்தையும் மனிதர்தாம் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையைக் கண்காணிப்பவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதே கேள்வி.

அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் 1983-இல் அரசாணை மூலமே அமைக்கப்பட்டது. அதற்குப் போதிய சட்டபூர்வத் தகுதி இல்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2012-இல் சுட்டிக்காட்டினார். 2011-இல் மக்களவையில் அறிமுகமான ஒழுங்குமுறை ஆணைய மசோதா, 2014-இல் அவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து அளித்தது. அதே சட்டம் அணுமின் துறையைத் தனியாருக்கும் திறந்துவிட்டுள்ளது.

சட்ட அந்தஸ்து வேறு, சுதந்திரம் வேறு. செலவைக் குறைக்க விரும்பும் நிறுவனமும், உற்பத்தியைப் பெருக்க விரும்பும் அரசும் ஒருசேர அவசரப்படும்போது, 'பொறுங்கள்' என்று சொல்லும் துணிவு வாரியத்துக்கு வேண்டும். ஒவ்வோர் உலையிலும் நடக்கும் குளிரூட்டும் சோதனையின் முடிவுகளை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் தாக்கல் செய்வது அதற்கு முதல் படியாக அமையும். அறிக்கைகளைக் கேட்டுப் பெறவும் படித்துக் கேள்வி எழுப்பவும் உறுப்பினர்கள் முன்வர வேண்டும்.

புவியீர்ப்பு விசைக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. கண்காணிப்பு அவ்வாறு தானாக நடந்துவிடாது.