அல்லிக் குளத்தின் முன்

ஓவியத்தை அச்சிட்ட படத்தில் கண்டாலே போதும் என்பார் உளர். யானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். அவ்வெண்ணம் பிழையென்பதைப் பாரிசு நகரத்து ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில் உணர்ந்தேன்.

அங்கே முட்டை வடிவான கூடங்கள் இரண்டு உள்ளன. மனப்பதிவு ஓவியருள் தலைசிறந்தவராகிய கிளாடு மோனே தீட்டிய அல்லிக்குள ஓவியங்கள் எட்டு, அவற்றின் வளைந்த சுவர்களை நிறைத்துள்ளன. உயரம் ஏறத்தாழ 2 மீட்டர். நீளமோ எட்டும் சேர்ந்து 90 மீட்டரளவு! இவற்றை உள்ளங்கையளவு தாளில் அடக்கினால் எஞ்சுவது யாது? தாளில் நாம் குளத்தைப் பார்க்கிறோம். அங்கோ குளம் நம்மைச் சூழ்ந்துகொள்கிறது.

அருகிற் சென்றேன். பூவுமில்லை, நீருமில்லை, தடித்த வண்ணத் தீற்றல்களே தோன்றின. பத்தடி பின்வாங்கினேன். (பின்னால் நின்றவர் காலை மிதித்தது வேறு கதை.) அத்தீற்றல்களே இலையாயின, மலராயின, நீரில் வீழ்ந்த முகிலின் நிழலாயின. இவ்வாறு முன்னும் பின்னும் நடந்தன்றோ இவற்றைக் காணவேண்டும்? அச்சுப்படத்தில் அதற்கு இடமேது? அப்படம் வேண்டா என்பேனல்லேன். என்னை அங்கு அழைத்துச் சென்றதே அதுதான்.

மோனேயின் கண்களிற் புரை படர்ந்து, 1923இல் அறுவை மருத்துவம் நிகழ்ந்தது. எனினும் அவர் இப்பணியைக் கைவிடவில்லை. 1926இல் அவர் மறைந்தார். மறு ஆண்டிற்றான் கூடங்கள் திறக்கப்பெற்றன.

அக்கூடங்களில் கூரை வழியே பகலொளி இறங்குகிறது. யான் நின்றிருந்தபோது முகிலொன்று கதிரவனை மறைத்தது. சுவரிலிருந்த குளமும் உடன் இருண்டது.