பார்க்க விடாமல் படிப்பிக்க அனுப்புகிறார்கள்

புதிதாகப் பேர் பதியும் பிள்ளையை எந்தக் கங்காணியும் முதல் நாளே தனி நிரையில் விடமாட்டார். பழகிய கை ஒன்றுக்குப் பக்கத்தில்தான் விடுவார். எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்று பார்த்துப் பார்த்துத்தான் கை பழகும். தேயிலைச் செடிக்குக் கிடைக்கும் இந்தக் கவனம் நமது பிள்ளைகளுக்குக் கிடைப்பதில்லை.

ஆசிரியராகப் பயில்கிறவர் முதலில் பின் வாங்கில் உட்கார்ந்து, அனுபவமுள்ள ஆசிரியர் படிப்பிப்பதை அவதானிக்க வேண்டும். பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி போன்ற இடங்களில் இரண்டு வருடம் கல்லூரியில் படிப்பு, மூன்றாம் வருடம் பாடசாலையில் பயிற்சி. தாளில் எல்லாம் ஒழுங்கு. தோட்டப் பாடசாலையில் என்ன நடக்கிறது? பயிலுநர் காலையில் வந்து கையெழுத்து வைத்த கையோடு, "தரம் 3க்கு ஆள் இல்ல, அங்க போங்க" என்கிறார்கள். அன்றிலிருந்து அந்த வகுப்பு அவர் தலையில். அவதானிப்புப் படிவம் இரவில் தங்குமிடத்தில் நிரப்பப்படுகிறது, பார்க்காத பாடத்தைப் பார்த்ததாக.

அதிபரை மட்டும் திட்டிப் பயனில்லை. இரண்டு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்று ஓடுகிற பாடசாலையில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆளைக் கண்டால் யார்தான் விடுவார்? வெற்றிடத்தை நிரப்பாமல், பயிலுநரை வைத்து ஒப்பேற்றிவிட்டு, எல்லா வகுப்பிலும் ஆள் இருக்கிறார் என்று அறிக்கை எழுதுகிறவர்களைத்தான் நாம் கேட்க வேண்டும்.

இது பழைய பழக்கம். இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வர 1970கள் ஆயிற்று. 2015ஐ ஒட்டி ஆசிரியர் உதவியாளர் என்று நமது இளைஞர்களை எடுத்தபோதும் அதே கதைதான். மாதம் 6,000 ரூபா, பிறகு 10,000. முதலில் வகுப்பு, பயிற்சி பிறகு.

நாங்கள் பயிற்சியில் இருந்தபோது ஒரே ஒரு நாள்தான் உண்மையாகப் பார்க்கக் கிடைத்தது. தரம் 2. கடைசி வாங்கில் ஒரு பையன் மேசையில் தலை வைத்துத் தூங்கினான். படிவத்தில் மாணவர் ஈடுபாடு என்ற கூட்டில் 'குறைவு' என்று எழுதினோம். டீச்சர் அவனை எழுப்பவில்லை. இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்தில் கூப்பிட்டு, தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்து, அன்றைய கணக்கை விரல் விட்டுச் சொல்லிக் கொடுத்தார். பிறகு எங்களிடம் சொன்னார்: "ராத்திரி மழை. அவங்க காம்பராவுல தகரம் ஒழுகுது. பாயைச் சுருட்டிட்டு உட்கார்ந்தே விடிஞ்சிருக்கும். இவனைத் திட்டினா நாளைக்கு வரமாட்டான்."

லயத்தை அறிந்த ஆசிரியரிடம் அரை நாள் கற்றது இது. எந்தப் பாடக்குறிப்பிலும் இது இல்லை. படிவத்தில் ஒழுகும் தகரத்துக்குக் கூடும் இல்லை. எழுதியதை வெட்டினோம்.

நாமும் சுத்தமில்லை என்பதையும் சொல்லிவிடுவோம். கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வரும் அன்று கெட்டிக்காரப் பிள்ளைகளை முன் வாங்குக்கு மாற்றி, வாசிக்கத் திணறுகிறவர்களை அடுத்த வகுப்புக்கு அனுப்பியவர்கள் நம்மிலும் உண்டு. புள்ளி கிடைத்தது. அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அன்று என்ன விளங்கியிருக்கும் என்று நாம் அப்போது யோசிக்கவில்லை.

"இது வாத்தியார்மார் பிரச்சினை, சங்கத்துக்கு எதுக்கு?" என்று நம் ஆட்களே சிலர் கேட்கிறார்கள். சந்தா கட்டுகிறவரின் பிள்ளைதானே அந்தத் தரம் 3இல் இருக்கிறது? கொழுந்தில் ஒரு கிலோ வெட்டினால் மடுவத்தில் சத்தம் போடுகிறோம். பிள்ளையின் ஒரு தவணை போனால் ஏன் பேசாமல் இருக்கிறோம்?

பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு, அரைப் பேர் போனாலும், வீட்டுக்கு ஒருவர் போங்கள். எந்த வகுப்பில் நிரந்தர ஆசிரியர் இல்லை, அங்கே நிற்பது யார், அவர் பழகிய ஆசிரியரோடு எத்தனை நாள் உட்கார்ந்தார் என்று கேளுங்கள். பதிலை எழுதித் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். பயிலுநரைக் குறை சொல்ல அல்ல. அவர்களும் நமது லயத்துப் பிள்ளைகள்தான். அந்தக் கணக்கோடு வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போவோம். வெற்றிடத்துக்கு நியமனம் கொடு, பயிலுநரைப் பார்க்க விடு என்று கேட்போம்.