சுவருக்குள் இன்னொரு குழாய்

பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு கூடவே சுற்றிக்கொண்டிருக்கும் செயற்கைக்கோள், மொட்டைமாடியில் நாம் பொருத்தியிருக்கும் டிஷ்ஷை நோக்கிப் படமும் ஒலியும் இரவுபகலாக அனுப்பிக்கொண்டிருக்கிறதேயொழிய, நம் வீட்டிலிருந்து ஒரு சமாசாரத்தையும் கேட்டுக்கொள்வதில்லை. விரும்பிய படத்தை விரும்பிய நேரத்தில் வரவழைக்க வேண்டுமானாலும், கூடத்தில் பதிவு செய்த நிகழ்ச்சியை மாடி அறையில் பார்க்க வேண்டுமானாலும், செட்டாப் பாக்ஸுக்கு வேறொரு வழி அவசியமாகிறது. சுவருக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மின்சார வயரையே அந்த வழியாக ஏன் உபயோகித்துக்கொள்ளக் கூடாது என்று கேட்டவர்களின் சாமர்த்தியத்தை நான் மனப்பூர்வமாகப் பாராட்டுகிறேன். ஆயினும், புதிதாக வீடு கட்டுகிறவர்கள் அந்தச் சாமர்த்தியத்தை நம்பி இருந்துவிடுவது சரியல்ல என்பதே என் அபிப்பிராயம்.

இந்த யோசனை பெரிய அளவில் பரீட்சை செய்யப்பட்ட இடம் அமெரிக்கா. ஹோம்பிளக் என்ற பெயரில் பல நிறுவனங்கள் 2000ஆம் ஆண்டில் ஒன்றுசேர்ந்து, மறு ஆண்டே விநாடிக்கு 14 மெகாபிட் வேகமுள்ள ஒரு முறையை வகுத்தன. 2005இல் வகுக்கப்பட்ட அடுத்த முறை ஏட்டளவில் 200 மெகாபிட்டை எட்டியது. டிஷ் நெட்வொர்க் என்ற செயற்கைக்கோள் நிறுவனம் தன்னுடைய வி.ஐ.பி. வரிசைப் பெட்டிகளுக்குள்ளேயே இந்த ஏற்பாட்டை வைத்து விற்றது. ஒரு பெட்டிக்கு மட்டும் டெலிபோன் இணைப்போ இணைய இணைப்போ இருந்தால் போதும். மற்ற அறைகளில் உள்ள பெட்டிகள், மின்சாரத்துக்காகச் செருகிய அதே பிளக்கின் மூலமாக அந்த இணைப்பைப் பங்கிட்டுக்கொள்ளும். சுவரைத் துளைக்க வேண்டியதில்லை, புது வயர் இழுக்க வேண்டியதில்லை.

இது நடைபெறும் விதமும் ஆச்சரியமானதே. நம் வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக அலைகிறது. செய்தியைச் சுமக்கும் அலைகளோ விநாடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் முறை முதல் 2 கோடியே 80 லட்சம் முறை வரை துடிக்கின்றன. இரண்டுக்கும் இவ்வளவு பெரிய வித்தியாசம் இருப்பதால் ஒரே செம்புக் கம்பியில் ஒன்றை மற்றொன்றிலிருந்து சுலபமாகப் பிரித்தெடுக்க முடிகிறது. செய்தியை ஒரே அலையில் ஏற்றாமல் நூற்றுக்கணக்கான சிறு அலைகளில் பங்கிட்டு ஏற்றி, இரைச்சல் மிகுந்த அலையில் சுமையைக் குறைத்துத் தெளிவானவற்றில் கூட்டிக்கொள்கிற விவேகம், பெட்டிக்குள்ளோ பிளக்கில் செருகும் தனி அடாப்டரிலோ இருக்கும் அந்தச் சிறு கருவிக்கு இருக்கிறது.

ஆனால் நம் வீடுகளின் நிலை வேறு. சீலிங் ஃபேன் ரெகுலேட்டர், மட்டமான எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர் ஆகிய ஒவ்வொன்றும் கம்பியில் தன் பங்குக்கு இரைச்சலைக் கலக்கிறது. டி.வி.யைக் காப்பாற்ற வேண்டுமென்று நாம் வாங்கிவைக்கும் ஸ்பைக் கார்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், தன் கடமையை உண்மையாகச் செய்து, செய்தி அலையையும் சேர்த்து வடிகட்டிவிடுகிறது. அதனால்தான் இந்த அடாப்டரை நேரே சுவரிலுள்ள பிளக் பாயிண்டில் செருகவேண்டும் என்று சொல்லுகிறார்கள். மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் கூடம் ஒரு ஃபேஸிலும் படுக்கையறை ஏ.சி. இன்னொரு ஃபேஸிலும் இருக்குமாதலால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதற்குள் அலையின் பலம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இன்வெர்ட்டரின் சங்கடம் இன்னொன்று. கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள டி.வி.யும் பாக்ஸும் உயிரோடிருக்க, சாதாரண பிளக்கில் செருகிய அடாப்டர் செத்துப்போகிறது. அடாப்டரையும் இன்வெர்ட்டர் லைனிலேயே வைக்கலாமென்றால், அந்த லைன் எல்லா அறைகளிலும் பிளக் பாயிண்டுக்கு வந்திருப்பதில்லை. அட்டைப்பெட்டியின் மேல் 200 என்றோ 500 என்றோ அச்சிட்டிருக்கும் வேகத்தில் ஒரு பின்னமே கைக்குக் கிடைப்பதன் காரணம் இவ்வளவும்தான்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவரோடு கம்பி நின்றுவிடுவதில்லை. பக்கத்து வீட்டுக்கும் அது போகிறது. எந்தக் கடையில் வாங்கினாலும் இந்த அடாப்டர்கள் ஊருக்கெல்லாம் தெரிந்த ஒரே கடவுச்சொல்லோடுதான் பெரும்பாலும் வருகின்றன. அடாப்டரில் சிறிய பொத்தான் ஒன்று இருக்கும். முதல் அடாப்டரில் அதை அழுத்தி, விளக்கு மினுக்கத் தொடங்கிய இரண்டு நிமிஷத்துக்குள் இரண்டாவதிலும் அழுத்தினால், இரண்டும் தமக்கென்று பிரத்தியேகமான ரகசியச் சாவி ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். பலர் இதைச் செய்வதேயில்லை.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது வானொலியைப் பற்றிய விஷயம். மேலே சொன்ன அந்த அலைகளின் எல்லை, சிற்றலை வானொலியின் எல்லையேதான். வீட்டு வயர் அலையைத் தடுக்கும் உலோக உறை எதுவும் இல்லாமல் சுவரெங்கும் ஓடுவதால், தான் சுமக்கும் அலையை ஓர் ஏரியலைப் போல வெளியே கசியவிடுகிறது. 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது, போர்ட் பிளேயரில் அப்போது வேறு காரியமாக முகாமிட்டிருந்த அமெச்சூர் வானொலிக் குழுவினர், மற்றத் தொடர்புகள் அறுந்துபோன நிலையில் அந்தமானிலிருந்து தகவல்களைக் கரைசேர்த்தது இந்தச் சிற்றலைகளில்தான். அமெச்சூர் அலைவரிசைகளை மட்டும் தவிர்த்துச் செல்லும்படி ஹோம்பிளக் கருவிகள் அமைக்கப்பட்டிருக்கின்றன என்பது உண்மை, அதற்காக அவற்றை அமைத்தவர்களை மெச்சவும் வேண்டும். ஆயினும் சிற்றலை ஒலிபரப்பைக் கேட்கும் சாதாரண நேயருக்கு அந்தப் பாதுகாப்பு தானாகவே கிடைத்துவிடவில்லை; ஐரோப்பாவில் 2013இல் வந்த தரவிதி அதையும் சேர்த்து வற்புறுத்தவேண்டியிருந்தது. ஆகாயம் எல்லோருக்கும் பொது. ஒருவர் தம் அறையில் படம் பார்ப்பதற்காகப் பக்கத்து வீட்டுக்காரரின் வானொலி இரைவது நியாயமாகாது.

அமெரிக்க நிறுவனங்களே பிற்பாடு என்ன செய்தன என்பதைப் பார்த்தாலும் இது விளங்கும். மற்றொரு செயற்கைக்கோள் நிறுவனமான டைரக்டிவி, வீடு முழுவதற்கும் நிகழ்ச்சிகளைப் பங்கிடும் ஏற்பாட்டைச் செய்தபோது, டிஷ்ஷிலிருந்து பாக்ஸுக்கு வரும் கோ-ஆக்ஸியல் கேபிளையே அதற்கு எடுத்துக்கொண்டது. செயற்கைக்கோள் அலைகளுக்குக் கீழே அந்தக் கேபிளில் காலியாகக் கிடந்த இடம் அதற்குப் போதுமானதாயிருந்தது. மின்கம்பியை முதலில் நம்பிய டிஷ் நெட்வொர்க்கும் 2012இல் ஹாப்பர் பெட்டியைக் கொண்டுவந்தபோது கோ-ஆக்ஸியலுக்கே மாறிற்று. அந்தக் கேபிள் மேலே உலோக உறை போர்த்தியது, அலைகளுக்காகவே செய்யப்பட்டது.

இவ்வளவு சொன்னதனால், அடாப்டரை வாங்கவே கூடாது என்று நான் சொல்லுவதாக நினைக்க வேண்டாம். ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் சம்மதிக்காத வாடகை வீட்டிலும், வைஃபை நுழைய முடியாத கனத்த சுவர்களையுடைய செட்டிநாட்டுப் பழைய வீட்டிலும் அது பெரிய உபகாரம். இன்றைக்கு அஸ்திவாரம் போடுகிறவர்களுக்கு அந்த நிர்ப்பந்தம் எதுவுமில்லை. இணையமும் செயற்கைக்கோளும் சேர்ந்தே வேலை செய்யும் பாக்ஸ்கள் நம் கடைகளிலேயே விற்கப்படும் இக்காலத்திலும், லட்சக்கணக்கில் செலவிட்டு வீடு கட்டிவிட்டு, குடிபுகுந்த மறுவாரம் ஜன்னல் கிரில் வழியாகக் கேபிளை நுழைத்து வெளிச்சுவரில் தொங்கவிடுகிறோமே, இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. எலக்ட்ரீஷியன் சுவரைக் கொத்தி மின்சாரத்துக்குப் பி.வி.சி. பைப் பதிக்கும் அதே நாளில், மொட்டைமாடியிலிருந்து கூடத்துக்கும், கூடத்திலிருந்து ஒவ்வோர் அறைக்கும் இன்னொரு பைப்பைச் சற்றுத் தள்ளிப் பதித்து, உள்ளே இழுகம்பி ஒன்றைப் போட்டு மூடி வைக்கச் சொல்லவேண்டும். மின்சார வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் சேர்த்து இழுத்துவிடுகிறேன் என்று அவர் சொன்னால், உயிருக்கே அபாயமான அந்தச் சிக்கனத்துக்கு இடங்கொடுக்கக் கூடாது. ஆகும் செலவு வீட்டின் மொத்தச் செலவில் கணக்கில் வராத தொகை. பூச்சு வேலை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.